துணையின்றிக் கரை சேர்ந்த பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

1983 முதல் இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களை ராமநாதபுரம் கரை பார்த்துவருகிறது. 2022 மார்ச்சில், அங்கே பொருளாதாரம் நொறுங்கியபோது, தனுஷ்கோடிப் பக்கம் மறுபடியும் படகுகள் வரத் தொடங்கின. வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். இப்படி வருபவர்களில் தாய் தகப்பன் இல்லாமல் வரும் பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குழந்தைகள் பாதுகாப்பிலும் மனநலத்திலும் பணியாற்றும் எங்கள் ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைக் கடிதங்களிலிருந்து நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் தனியாக நின்றால், முதலில் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?
– மீனவர் சங்கப் பொறுப்பாளர், தங்கச்சிமடம்

முதலில் உடம்பைக் கவனியுங்கள். இருட்டில் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். அதற்குப் பிறகு பல மணி நேரம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அவன் வெயிலில் நின்றிருப்பான். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். கால் பொட்டலத்தை ஒரு டம்ளரில் உத்தேசமாகக் கலக்குவதும், ருசிக்காக இன்னும் சர்க்கரை சேர்ப்பதும் தவறு. உப்புக்கும் இனிப்புக்கும் உள்ள அளவு கெட்டு வயிற்றுப்போக்கு கூடிவிடலாம். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுங்கள். ஈரத் துணியை மாற்றுங்கள். கூட்டத்தைக் கலைத்து நிழலில் உட்கார வையுங்கள்.

அடுத்து, நீங்கள் யார், அவன் இப்போது எந்த இடத்தில் இருக்கிறான், இன்னும் ஒரு மணி நேரத்தில் யார் வருவார்கள், எங்கே கூட்டிப்போவார்கள் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். "நாளைக்கே அம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுடுவோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த 'நாளைக்கு' வந்து போன பிறகு, அவன் யார் சொல்வதையும் நம்பமாட்டான்.

கேட்க வேண்டியவை நான்கே நான்கு: பெயர், உடம்பில் எங்கே வலிக்கிறது, கூட வந்தவர்களில் யாரைத் தெரியும், யாருடைய தொலைபேசி எண் நினைவில் இருக்கிறது. எண்ணை அந்த இடத்திலேயே இரண்டு தாளில் எழுதி, ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சட்டைப்பையில் இருந்த சீட்டு கடல் தண்ணீரில் கரைந்து, மனப்பாடமாக இருந்த எண்ணும் பதற்றத்தில் மறந்து, குடும்பத்தின் தொடர்பே அறுந்துபோவது உண்டு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து வந்திருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் வேறு வேறு வண்டியில் ஏற்றாதீர்கள்.

"எப்படி வந்தாய், அங்கே என்ன நடந்தது, அப்பாவுக்கு என்ன ஆச்சு" என்ற கேள்விகள் உங்களுக்கு வேண்டாம். மரைன் போலீஸ், கியூ பிரிவு (தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவு), வருவாய்த்துறை, மருத்துவக் குழு, நிருபர் என்று ஆளுக்கு ஒருமுறை கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை அந்த இரவுக்குள் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. விசாரணையைத் தவிர்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவனுக்குப் பழகிய ஒரே பெரியவர் எல்லா விசாரணையிலும் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒரு துறை எழுதியதை அடுத்த துறை வாங்கிப் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்ளும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

சட்டப்படி செய்ய வேண்டியதும் உண்டு. சிறார் நீதிச் சட்டம் 2015, 'குழந்தை' என்றால் 18 வயது நிறையாதவர் என்றுதான் சொல்கிறது, குடியுரிமை கேட்கவில்லை. குடும்ப ஆதரவின்றித் தனியாக இருக்கும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இரக்கப்பட்டு வீட்டிலேயே ஒளித்து வைப்பது அவனுக்கு உதவாது. பதிவில் இல்லாத பிள்ளையைத்தான் ஆள் கடத்துபவன் எளிதாகக் கொண்டுபோவான். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம். அதோடு, அங்கே இருக்கும் குடும்பத்தை யார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

கேள்வி: அக்காவின் மகள், ஒன்பது வயது, நாலு மாதமாக என்னோடு இருக்கிறாள். அங்கே இருந்தபோது இல்லாத பழக்கமாக, இப்போது நித்திரையில் சிறுநீர் போகிறாள். அடித்துத் திருத்தச் சொல்கிறார்கள். என் பெறாமகளை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?
– ஒரு சித்தி, மண்டபம் முகாம்

உங்கள் மனம் சொல்வதுதான் சரி. பெரிய இழப்புக்கும் இடமாற்றத்துக்கும் பிறகு, நின்றுபோன பழக்கம் திரும்புவது இந்த வயதில் சாதாரணம். இதற்கு அடி, சூடு, கிள்ளு எதுவும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் சொல்கிறது. பயம் கூடினால் படுக்கை நனைவதும் கூடும்.

முதலில் உடம்பில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், பகலிலும் கசிவு, நான்கைந்து நாள் மலச்சிக்கல், அடங்காத தாகத்தோடு உடல் மெலிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரும் சர்க்கரையும் பரிசோதித்துவிடுங்கள்.

அது இல்லை என்றால் கழிப்பறைக்குப் போகும் வழியைப் பாருங்கள். பொதுக் கழிப்பறை வீட்டிலிருந்து தள்ளி இருக்கும், இருட்டு, நாய், வழியில் ஆண்கள். அந்த நேரத்தில் எழுந்து போக அஞ்சி அடக்கிக்கொண்டே தூங்கிவிடும் பிள்ளைகள் நிறைய. மூடி போட்ட வாளி ஒன்றை வீட்டுக்குள் ஒரு மூலையில், திரை மறைவில் வையுங்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு டார்ச் இருக்கட்டும். இதை மட்டும் செய்தே பாதி இரவுகள் காய்ந்துவிடும் வீடுகள் உண்டு.

மாலை ஆறு மணிக்கு மேல் தேநீர் வேண்டாம். ஆனால் "தண்ணியே குடிக்காதே" என்று நிறுத்திவிடாதீர்கள். ராமநாதபுரத்து வெயிலில் சிறுநீர் அடர்ந்து, எரிச்சல் வந்து, நிலைமை மோசமாகும். பகலில் நிறையக் குடிக்கட்டும். படுக்கும் முன் ஒருமுறை போகட்டும். நீங்கள் படுக்கப்போகும் பத்து, பத்தரைக்கு ஒருமுறை நன்றாக விழிக்கவைத்துக் கூட்டிப்போங்கள். அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போனால் பலன் குறைவு. பாயின் மேல் ரெக்ஸின், அதன் மேல் நாலாக மடித்த பருத்திச் சேலை. நனைந்தால் விளக்கைப் போட்டு எல்லாரையும் எழுப்பாமல் சேலையை மட்டும் மாற்றுங்கள். காலையில் அலசுவதற்கு அவளும் ஒரு கை கொடுக்கலாம், தண்டனையாக அல்ல.

நாள்காட்டியில் நட்சத்திரம் போடுவதானால், நனையாத இரவுக்குப் போடாமல், படுக்கும் முன் போய்விட்டு வந்ததற்குப் போடுங்கள். அவள் கையில் இருப்பது அது ஒன்றுதான். எந்த இரவில் நனைகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அம்மா பேசிய இரவு, பக்கத்து வீட்டில் சண்டை நடந்த இரவு என்று ஒரு ஒழுங்கு தெரியலாம். தெரிந்தால், அந்த இரவுகளில் உங்கள் பாயை அவளுக்குப் பக்கத்தில் போடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகள் கேலி செய்தால் அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் மறுபடி போகலாம்.

இன்னொன்று. நீங்கள் அவளை வளர்ப்பது குழந்தைகள் நலக் குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கையெழுத்துப் போடும் உரிமை உங்களுக்கு அப்போதுதான் உறுதியாகும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த இலங்கை மாணவன் பாடம் நடக்கும்போது எங்கோ வெறித்துப் பார்க்கிறான். தொட்டு எழுப்பினால் கை ஓங்குகிறான். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போகிறான். கண்டிப்பதா, விடுவதா?
– ஆசிரியர், ராமேசுவரம் வட்டாரம்

இரண்டும் வேண்டாம். ஆபத்தில் இருந்து வந்தவனின் உடம்பு, இன்னும் ஆபத்து போகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர், மண்டபத்து ஹோவர்கிராஃப்ட், கோயில் திருவிழா வேட்டு, தீபாவளி வெடி எல்லாம் அவனுக்கு ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. கை ஓங்குவது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இருக்காது. பின்னாலிருந்து தொட்டதால் இருக்கும்.

முதுகுக்குப் பின்னால் சுவரும், கண்ணுக்கு நேரே வாசலும் இருக்கும்படி அவனுக்கு இடம் கொடுங்கள். வெறித்துப் பார்க்கும்போது முன்னால் வந்து, தாழ்ந்த குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: "நீ பள்ளிக்கூடத்துல இருக்க, இது மூணாவது பீரியட், நான் உன் வாத்தியார்." இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடட்டும். வெளிமூச்சு நீண்டால் படபடப்பு தணியும். இதை அமைதியான நாளில் பழக்கி வைத்திருந்தால்தான் பதற்ற நேரத்தில் கைகொடுக்கும். தாங்க முடியாதபோது கேள்வி இல்லாமல் வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வர, உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சைகையை வைத்துக்கொள்ளுங்கள். வேட்டுச் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாடத்தில் பின்தங்குவதற்குப் பாதிக் காரணம் தூக்கமின்மையாக இருக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேளுங்கள். 'என் குடும்பம்' என்று கட்டுரை கொடுத்தால் வேறொரு தலைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். ஆண்டு விழா மேடையில் அவனை ஏற்றி 'அகதி வாழ்க்கை' பற்றிப் பேசவைக்க வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு என்றாலும். பேச்சு வழக்கைக் கேலி செய்யும் மாணவர்களை அன்றைக்கே நிறுத்துங்கள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட யார் வருவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்; அந்தக் கட்டம் காலியாக இருப்பதை வகுப்பே பார்க்கும்.

சேர்க்கையில் சிக்கல் வந்தால் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஐக் காட்டுங்கள். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. வயதுச் சான்று இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பதினாலு வயதுக்காரனை ஆறாம் வகுப்பில் உட்காரவைத்தால் படிப்பும் வராது, மானமும் போகும்.

கெட்ட கனவு, திடுக்கிடல், விலகல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, சாப்பாட்டையும் படிப்பையும் தடுத்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: எங்க வீட்டுல வளர்ற பையன் கடலைப் பார்த்தாலே நடுங்குறான். ஒரு தடவை வல்லத்துல ஏத்திக்கிட்டுப் போனா பயம் தெளிஞ்சிடாதா?
– மீனவர், பாம்பன்

தெளியாது. கூடத்தான் செய்யும். வாரக் கணக்கில், அவன் சம்மதத்தோடு, சின்னச் சின்ன அடியாகப் போங்கள். முதலில் கடல் தெரியாத இடத்தில் வலை பின்னும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பகலில் தூரத்திலிருந்து பார்ப்பது, மணலில் உட்காருவது, ஓலைக்குடாப் பக்கம் போல அலை அடங்கிய இடத்தில் கணுக்கால் நனைப்பது. ஒவ்வொரு அடியிலும் படபடப்பு தானாகக் குறையும்வரை அங்கேயே இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால் பயம்தான் மனதில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது தொடங்காதீர்கள். படகு ஏறவே அவனுக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கரையிலும் பிழைப்பு இருக்கிறது.

கேள்வி: அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா மன்னாரிலிருந்து எப்போதாவது பேசுகிறார். "அப்பா எப்ப வருவார்?" என்று பிள்ளை தினமும் கேட்கிறது. வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சரிதானா?
– முகாம் வாசி

அந்தப் பொய்யைத் திரும்பப் பெறுங்கள். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவதிலிருந்து பிள்ளை பாதியைத் தெரிந்துகொண்டிருக்கும். மீதிப் பாதியைக் கற்பனையில் நிரப்பும். கற்பனையில் பெரும்பாலும் தப்பு தன்னுடையதாகவே இருக்கும். "நான் அழுததால்தான் அப்பா படகில் ஏறவில்லை" என்று ஏழு வயதுப் பிள்ளை நம்பக்கூடும்.

இப்படிச் சொல்லலாம்: "அப்பா எங்க இருக்கார்னு எங்களுக்கும் தெரியலை. தேடுறோம். தெரிஞ்சா, நல்லதோ கெட்டதோ, முதல்ல உன்கிட்ட சொல்லுவோம். இது உன்னால நடந்தது இல்லை." கடைசி வாக்கியத்தை ஒருமுறை சொன்னால் போதாது, அடிக்கடி சொல்ல வேண்டும். தேடுவதையும் மெய்யாகவே செய்யுங்கள். பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைக்கும் பணி செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், கிராம சேவகர் பிரிவு, கடைசியாகப் பார்த்த இடமும் நாளும் வேண்டும். பிள்ளைக்கு விருப்பமென்றால் அந்தப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருக்கட்டும்.

உடல் கிடைக்காத இழப்பில் துக்கம் எங்கும் போய் நிற்காது. நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வரும். "இனி வரமாட்டார், திதி கொடுத்துவிடுவோம்" என்று உறவினர்கள் அவசரப்படுவதும், "கட்டாயம் வருவார்" என்று அடித்துச் சொல்வதும் ஒரேயளவு தீங்கு. அப்பாவின் பிறந்தநாளுக்கு அவருக்குப் பிடித்த சாப்பாடு சமைப்பது, மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, பிள்ளையாருக்கு ஒரு விளக்கு என எதைச் செய்வதென்று பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கள். உயிரோடு இருக்கிறார், இல்லை என்ற தீர்ப்பு அதில் இருக்க வேண்டியதில்லை.

அம்மாவின் அழைப்புக்கு நாளும் நேரமும் வையுங்கள், ஞாயிறு மாலை ஐந்து என்பதுபோல. எப்போதாவது வரும் அழைப்புக்குப் பிள்ளை வாரம் முழுக்கக் காத்திருக்கும். சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்று முன்னமே சொல்லுங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் பணக் கஷ்டத்தைச் சொல்லி அழவேண்டாம் என்று அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள். பேசி முடித்ததும் படுக்கைக்கு அனுப்பாமல், அரைமணி நேரம் உங்களோடு ஏதாவது வேலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் நாங்கள். பிள்ளைகள் மனம் திறக்கட்டும் என்று முகாமில் ஒருநாள் ஓவியப் பயிலரங்கு நடத்தி, அவர்கள் பட்டதை வரையச் சொல்ல நினைக்கிறோம்.
– ராமநாதபுரம்

வேண்டாம். நடந்ததை ஒரே அமர்வில் கொட்டவைப்பது பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பது இத்துறையில் முடிவான கருத்து. ஒருநாள் திறந்துவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அன்றிரவு அந்தப் பிள்ளையோடு யார் இருப்பார்கள்?

கதை சொல்லவைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கவே செய்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளிடம் அது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லும் சிகிச்சை, மற்றதுக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும், தலா ஆறு அமர்வு. இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறினார்கள். பயிற்சி பெற்றவர்கள், ஒழுங்கான நேரத்தில், முடியும்வரை கூட இருந்து செய்தது அது.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. அதே மூன்று பேர், அதே கிழமை, அதே நேரம், குறைந்தது ஆறு மாதம் வாருங்கள். கபடி, வாலிபால், கணக்குப் பாடம், வாசிப்பு எதுவும் சரி. நிறுத்துவதானால் நாலு வாரத்துக்கு முன்பே சொல்லி, கடைசி நாளில் விடைபெற்றுப் போங்கள். இந்தப் பிள்ளைகளிடமிருந்து சொல்லாமல் போனவர்கள் ஏற்கெனவே அதிகம்.

கேள்வி: இரவில் அலறுகிறாள். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
– கீழக்கரை

பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்குமென்றால் தர்காவோ கோயிலோ தேவாலயமோ போய்வாருங்கள். அங்கே விட்டுவிட்டு வருவதும், கட்டிவைப்பதும், அடிப்பதும், பட்டினி போடுவதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததை இந்த மாவட்டம் மறக்கக்கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் தூக்கமின்மைக்குப் பிள்ளைகளுக்கு அந்த வகை மாத்திரை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அலறி எழுந்தால் விளக்கைப் போட்டு, இடத்தையும் உங்கள் பெயரையும் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், கனவைப் பற்றி அப்போது கேட்காதீர்கள். பகலில், அவள் விரும்பினால், அந்தக் கனவுக்கு அவளே ஒரு வேறு முடிவு வரைந்து, படுக்கும் முன் அதை ஒருமுறை பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் 17 வயதுப் பையன் "நான் இருந்து என்ன பயன்" என்கிறான். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமா?
– காப்பாளர்

தூண்டாது. "சாகணும்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று தனியிடத்தில், பதறாமல் கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அகற்றிப் பூட்டுங்கள். 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடனையும் விசாரியுங்கள். படகுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பச் சொல்லி ஏஜென்சிக்காரன் பையனின் கைபேசிக்கே மிரட்டல் விடலாம். அப்படியென்றால் அது காவல்துறையிடம் போகவேண்டிய விஷயம். பாலியல் துன்புறுத்தல் வெளிவந்தால் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும்) சட்டப்படி புகார் செய்வது உங்கள் கடமை.

கேள்வி: 18 முடிந்த அன்றே இல்லத்தை விட்டுப் போக வேண்டுமா?
– அதே காப்பாளர்

சிறார் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் 18-க்குப் பிறகும் ஆதரவு தர வழி இருக்கிறது. பொதுவாக 21 வரை. பிறந்தநாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். எங்கே தங்குவான், எந்தப் படிப்பு அல்லது வேலை, முகாம் பதிவு எந்த நிலையில் இருக்கிறது, மாதாமாதம் யார் போய்ப் பார்ப்பார் என்ற நான்கையும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அதில் எழுதுங்கள். ஒரு நகலை அவன் கையில் கொடுங்கள்.